திரும்பிப் போகிற நாளிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்

ஆபிரிக்காவின் மிஷன் ஆஸ்பத்திரிகளில் வேலை செய்கிற நம்மூர்க்காரர் நத்தாருக்குத் திருகோணமலைக்கு வருவதென்றால், எல்லாத் திட்டமும் டிசம்பர் 24 நள்ளிரவுத் திருப்பலியை நோக்கித்தான் போடப்படும். எத்தனையாம் திகதி இறங்கினால் கரோலுக்கு நிற்கலாம், குடில் கட்ட யார் வருவார்கள், கேக்குக்கு எப்போது பிளம்ஸ் ஊறவைப்பது என்று வட்ஸ்அப்பில் ஒக்டோபரிலேயே பேச்சுத் தொடங்கிவிடும். ஜனவரியைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. வருகிற பயணம் எப்படியோ நடந்துவிடும். தாதியோ மருத்துவரோ ஆய்வுகூடக்காரரோ கன்னியாஸ்திரியோ, யாரென்றாலும் சிக்குப்படுவது திரும்பிப் போகிற பயணத்தில்தான். ஆகவே கணக்கை மறுபக்கத்திலிருந்து போட வேண்டும். ஜனவரி 10 விமானம் என்று வைத்துக்கொள்வோம். அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்தால், நத்தார் வாரத்துக்குள்ளேயே செய்து முடிக்க வேண்டிய வேலைகள் நிறைய இருப்பது தெரியும்.

அதற்கு முன் லீவு. நத்தாருக்கு வாட்டு மூடப்படுவதில்லை, பிரசவ அறை ஓய்வதில்லை, தெரு விபத்துகள் அந்த வாரத்தில்தான் கூடும். உகண்டாவிலோ கென்யாவிலோ உங்களோடு வேலை செய்கிற உள்ளூர் தாதிக்கும் சொந்தக் கிராமம் இருக்கிறது, அவருக்கும் அதே நாளில்தான் வீடு போக வேண்டும். வெளிநாட்டவர் ஒவ்வொரு வருடமும் டிசம்பரில் கிளம்பிப் போனால் ரோஸ்டர் போடுகிறவர் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் மனக்கசப்பு மிஞ்சும். ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் என்பதுதான் நியாயம். எத்தியோப்பியாவில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வசதி உண்டு. அங்கே ஓர்த்தடொக்ஸ் சபையின் நத்தார் ஜனவரி 7. டிசம்பர் 25 சாதாரண வேலைநாள். நீங்கள் டிசம்பர் 25ஐ எடுத்துக்கொண்டு, ஜனவரி 7க்கு முன் திரும்பி வந்து அவர்களுடைய டியூட்டியைச் செய்து கொடுத்தால் இரு பக்கமும் சந்தோஷம்.

டிக்கெட்டில் ஒரே ஒரு விதி: முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும். கிழக்கு ஆபிரிக்காவிலிருந்து டோஹா வழியாகவோ டுபாய் வழியாகவோ கட்டுநாயக்காவுக்கு வருவதுதான் வழமை. நைரோபியிலிருந்து மும்பைக்கு ஒன்று, அங்கிருந்து கொழும்புக்கு வேறொன்று என்று இரண்டு மலிவு டிக்கெட் சேர்த்து எடுக்கிறவர்கள் உண்டு. அப்படி எடுத்தால் மும்பையில் பெட்டியை வெளியே எடுத்து மறுபடி போட வேண்டிவரும். அதற்கு உள்ளே நுழைய வேண்டும், நுழைய இந்திய விசா வேண்டும். முதல் விமானம் தாமதித்தால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பெடுக்காது. இன்னொரு கண்ணி: போகிற பாதியில் ஒரு துண்டைத் தவறவிட்டால் பெரும்பாலும் மீதிப் பயணம் முழுவதும் தானாக ரத்தாகிவிடும். ‘என்டெபேயில் ஏறவில்லை, நைரோபியில் ஏறிக்கொள்கிறேன்’ என்று கவுண்டரில் நின்று வாதாடிப் பயனில்லை.

மஞ்சள் அட்டை

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், அதன் நுணுக்கங்கள்தான் தெரிவதில்லை. மஞ்சள் காய்ச்சல் பரவக்கூடிய நாட்டிலிருந்து வரும் ஒன்பது மாதத்துக்கு மேற்பட்ட எவரிடமும் இலங்கை இந்த அட்டையைக் கேட்கிறது. உகண்டா, கென்யா, தென் சூடான், எத்தியோப்பியா, கொங்கோ எல்லாம் அந்தப் பட்டியலில் அடக்கம். மலாவி பட்டியலில் இல்லை. ஆனால் மலாவியிலிருந்து அடிஸ் அபாபா வழியாக வருகிறவர் அங்கே விமான நிலையத்தில் 12 மணித்தியாலத்துக்கு மேல் காத்திருந்தால் அவருக்கும் அட்டை வேண்டும். மலிவு டிக்கெட்டுகளில் 14, 16 மணித்தியால இடைத்தங்கல் வருவதைக் கவனியுங்கள்.

ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லுபடியாகும். அதன்பிறகு ஆயுள் முழுவதும் செல்லும். 2016 ஜூலை 11 முதல் சர்வதேச விதி அதுதான். பத்து வருடக் கணக்கு அதோடு போய்விட்டது. இருந்தும் பழைய பழக்கத்தில் ‘காலாவதி’ என்று இழுக்கிற அதிகாரியை எல்லைச் சாவடிகளில் எப்போதாவது சந்திக்கலாம். அட்டையின் செல்லுபடிக் கட்டத்தில் வாழ்நாள் முழுவதற்கும் என்று எழுதுவித்து முத்திரை வாங்கி வைத்தால் பேச்சு மிச்சம். கடவுச்சீட்டைப் புதுப்பித்தவர்களுக்கு இன்னொரு தலையிடி: அட்டையில் பழைய கடவுச்சீட்டு இலக்கம் எழுதியிருக்கும். வேலை அனுமதி முத்திரையும் பழைய புத்தகத்தில்தான் இருக்கும். இரண்டு புத்தகத்தையும் சேர்த்தே கொண்டு போங்கள்.

திரும்பும்போது அம்மாவையோ கணவனையோ ஒரு மாதம் கூட்டிக்கொண்டு போகிற யோசனை இருந்தால், இங்கேதான் நாட்கணக்கு இடிக்கும். உகண்டா, எங்கிருந்து வந்தாலும் ஒரு வயதுக்கு மேற்பட்ட எல்லோரிடமும் அட்டை கேட்கிறது. இலங்கையில் இந்த ஊசிக்குப் பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்குப் போக வேண்டும். ஜனவரி 10 விமானமென்றால் டிசம்பர் 31க்குள் ஊசி உடம்பில் ஏறியிருக்க வேண்டும். உந்துவப் பௌர்ணமி, நத்தார், வார இறுதிகளைக் கழித்துப் பார்த்தால் மிஞ்சுகிற வேலைநாட்கள் மிகக் குறைவு. டிசம்பர் 20க்கு முன் முடித்துவிடுவது உத்தமம். 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் முதன்முறையாக இந்த ஊசியைப் போடும்போது அரிதாகக் கடுமையான பக்கவிளைவு வருவதுண்டு. ஆகவே அம்மாவுக்கு என்றால் முதலில் மருத்துவரிடம் பேசுங்கள். முட்டை ஒவ்வாமை உள்ளவர், கர்ப்பிணி, நோய் எதிர்ப்பு குன்றியவர் ஆகியோருக்கும் அப்படியே.

காய்ச்சல் வந்தால் முதலில் சொல்ல வேண்டிய சொல்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள்.

இலங்கையில் உள்ளூர் மலேரியா கடைசியாக 2012 ஒக்டோபரில் பதிவானது. 2016 செப்டெம்பர் 5ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு என்று சான்று கொடுத்தது. நல்ல செய்திதான், ஆனால் அதன் மறுபக்கம் இது: இன்று வாட்டில் நிற்கிற இளம் மருத்துவர்களில் பலர் ஒரு மலேரியா நோயாளியைக்கூடக் கண்டிருக்கமாட்டார்கள். திருமலையில் டிசம்பரும் ஜனவரியும் மாரி மழை. நுளம்பு பெருகி டெங்கு ஏறுகிற காலமும் அதுதான். காய்ச்சல், தலையிடி, உடம்பு உளைவு என்று போனால் டெங்கு என்றுதான் முதலில் நினைப்பார்கள். இரத்தப் பரிசோதனையில் குருதிச் சிறுதட்டு குறைந்திருந்தால் அந்த நினைப்பு உறுதியாகிவிடும். மலேரியாவிலும் சிறுதட்டு குறையும் என்பதுதான் சிக்கலே. டெங்குக் கணக்கில் மூன்று நாள் சேலைன் ஏற்றிக்கொண்டு கிடந்தால், உள்ளே பல்சிப்பரம் என்ற கடுமையான வகை மலேரியா மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ஏறிவிடும்.

ஆகவே வெளிநோயாளர் பிரிவில் வாய் திறந்ததும் ‘காய்ச்சல்’ என்பதற்கு முன்னால் ‘ஆபிரிக்காவிலிருந்து வந்தேன், இன்ன திகதியில் வந்தேன்’ என்று சொல்ல வேண்டும். துண்டில் எழுதச் சொல்லுங்கள். மலேரியாப் பரிசோதனையையும் டெங்குப் பரிசோதனையையும் சேர்த்தே கேளுங்கள். இரத்தப் பூச்சு ஒருமுறை ‘இல்லை’ என்று வந்தால் போதாது, 12 முதல் 24 மணித்தியால இடைவெளியில் மூன்று முறை பார்க்க வேண்டும். ஊரில் மலேரியா குளிசை எந்தப் பார்மசியிலும் கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். பரிசோதனை, மருந்து, பின்தொடர்தல் எல்லாம் மலேரியாத் தடை இயக்கத்தின் கையில், இலவசமாக. மாவட்டத்தில் அதற்குப் பிராந்திய அதிகாரி இருக்கிறார், ஆஸ்பத்திரி அவருக்கு அறிவிக்கும். தடை இயக்கத்தார் வீட்டுக்கு வந்து கேள்வி கேட்டால் கோபிக்கக் கூடாது. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்பு இங்கிருந்து போய்விடவில்லை. கிருமியைத்தான் ஒழித்தோம். உங்கள் இரத்தத்திலிருந்து அது மறுபடி கந்தளாய்ப் பக்கம் போய்ச் சேராமல் பார்ப்பதுதான் அவர்களுடைய வேலை.

விரைவுப் பரிசோதனையில் இன்னொரு குழப்பம் வரும். அங்கே டிசம்பர் தொடக்கத்தில் மலேரியா வந்து மருந்து முடித்துவிட்டு வந்திருந்தால், கிருமி செத்த பிறகும் சில வாரங்களுக்கு அந்தப் பரிசோதனைக் கீற்று ‘உண்டு’ என்றே காட்டக்கூடும். அது கிருமியின் புரதத்தைத்தான் தேடுகிறது, உயிருள்ள கிருமியையல்ல. முன்பு எப்போது, என்ன மருந்து, எத்தனை நாள் எடுத்தீர்கள் என்பதை ஒரு துண்டில் எழுதி வைத்திருங்கள். வாட்டில் அதுதான் பேசும்.

இனித் தடுப்புக் குளிசை. கட்டுநாயக்காவில் காலை வைத்ததும் ‘இனி ஊரில்தானே’ என்று நிறுத்திவிடுகிறார்கள். இதுதான் பெரிய பிழை. நுளம்பு கடித்ததும் கிருமி முதலில் ஈரலுக்குள் போய்க் குந்துகிறது. பல்சிப்பரம் பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரத்தில் இரத்தத்துக்கு வரும், சிலவேளை ஒரு மாதம் கழித்தும் வரும். மெஃப்ளோகுயினும் டொக்சிசைக்கிளினும் இரத்தத்துக்கு வந்த கிருமியைத்தான் கொல்லும். அதனால் ஊருக்கு வந்தபின்னும் 4 வாரம் தொடர வேண்டும். அட்டோவாகுவோன்-புரோகுவானில் ஈரலிலேயே வேலை செய்வதால் 7 நாள் போதும். இப்போது திரும்பும் கணக்கைப் பாருங்கள். மெஃப்ளோகுயினைப் பயணத்துக்கு 2 முதல் 3 வாரம் முன்பே தொடங்க வேண்டும். ஜனவரி 10 விமானத்துக்கு அது டிசம்பர் 20க்கும் 27க்கும் இடையில் விழும். டொக்சிசைக்கிளின் 100 மில்லிகிராம் தினமும், ஓரிரு நாள் முன் தொடங்கினால் சரி. வந்ததற்கு 4 வாரம், போவதற்கு முன் சில நாள் அல்லது சில வாரம் என்று கூட்டிப் பார்த்தால், மூன்று நான்கு வார லீவில் இந்த இரண்டு குளிசையையும் நிறுத்துவதற்கு இடமே இல்லை. லீவுக்கென்று அதற்கேற்ற எண்ணிக்கையைக் கையோடு கொண்டு வாருங்கள். முடிந்துபோனால் மலேரியாத் தடை இயக்கத்திடம் கேட்கலாம், பயணிகளுக்கு அவர்கள் கொடுக்கிறார்கள். ஆனால் டிசம்பர் 24 பின்னேரம் போய்க் கதவைத் தட்டாதீர்கள்.

டொக்சிசைக்கிளினை நிறைய தண்ணீரோடு நிமிர்ந்திருந்து விழுங்க வேண்டும், உடனே படுத்தால் தொண்டைக்குழாய் புண்ணாகும். பாலோடும் வயிற்றெரிவு மருந்தோடும் சேர்த்து எடுத்தால் உடம்பில் பிடிக்காது. மனச்சோர்வோ வலிப்போ முன்பு இருந்தவர்கள் மெஃப்ளோகுயினைத் தொடவே கூடாது.

இத்தனை குளிசையும் ஒழுங்காக எடுத்தாலும் மலேரியாவின் விவாக்ஸ், ஓவலே வகைகள் ஈரலில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து பிறகு எழும்பும். ஏப்ரலில் காய்ச்சல் வந்தாலும் ‘ஆபிரிக்கா’ என்ற சொல்லை மறக்காதீர்கள். அவற்றை வேரோடு எடுக்க பிரைமாகுயின் வேண்டும். அதற்கு முன் ஜி6பிடி நொதி பார்த்தாக வேண்டும். டெங்குவா மலேரியாவா என்று தெரியும்வரை பனடோல் மட்டும். புரூஃபென், அஸ்பிரின் வேண்டாம், டெங்கு என்றால் இரத்தம் கசியும். நத்தார் காலத்து இரத்ததான முகாமில் ஆர்வத்தோடு வரிசையில் நிற்பதையும் இந்த முறை விட்டுவிடுங்கள். எங்கிருந்து வந்தீர்கள் என்று சொன்னால் அவர்களே வேண்டாம் என்பார்கள்.

ஊசி குத்திய விபத்து நடந்து எச்.ஐ.வி. தடுப்பு மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது லீவு வந்தால், 28 நாளுக்குரிய குளிசை முழுவதையும் கையோடு எடுத்து வாருங்கள், கைப்பொதியில். டோலுடெகிராவிர் சேர்ந்த குளிசையாக இருந்தால் இரும்புச்சத்து, கல்சியம், வயிற்றெரிவு மருந்துகளுக்கு 2 மணித்தியாலம் முன்னரோ 6 மணித்தியாலம் பின்னரோ எடுக்க வேண்டும். நத்தார்ச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லா வீட்டிலும் வயிற்றெரிவு மருந்து மேசைக்கு வரும் என்பதால்தான் சொல்கிறோம். அடுத்த இரத்தப் பரிசோதனை நாள் லீவுக்குள் விழுந்தால் மாவட்டப் பொது வைத்தியசாலையின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் செய்யலாம். அங்கே பெயர் வெளியே போகாது.

எபோலா, மார்பர்க் போன்ற கொடிய தொற்றுநோய்கள் பரவியிருக்கும் மாவட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு வேறு கணக்கு. தொற்றாளரோடு கடைசியாகத் தொடர்பு ஏற்பட்ட நாளிலிருந்து 21 நாள் விமானம் ஏறக்கூடாது. அந்த 21 நாளை அங்கேயே கழிக்க வேண்டும், நத்தார் போனாலும் போகட்டும். இது வெறும் பேப்பர் விதி அல்ல. 2000ஆம் ஆண்டு வட உகண்டாவில் எபோலா பரவி 425 பேருக்குத் தொற்றி 224 பேர் இறந்தார்கள். குலுவிலுள்ள லாக்கோர் மிஷன் ஆஸ்பத்திரியை முன்னின்று நடத்திய டொக்டர் மத்தியூ லுக்வியா அந்த டிசம்பர் 5ஆம் திகதி அதே நோயில் இறந்தார். ஒரு தொற்றுப் பரவல் முடிந்தது என்று அறிவிக்க 42 நாள், அதாவது இரண்டு 21 நாள், புதுத் தொற்று இல்லாமல் கழிய வேண்டும். 2024இல் ருவாண்டாவின் மார்பர்க் பரவல் டிசம்பர் 20ஆம் திகதிதான் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. அந்த வருடம் அங்கிருந்து நத்தாருக்கு வந்தவர்களுக்கு ஐந்தே நாள் இடைவெளி. இப்படிப்பட்ட காலத்தில் டிக்கெட்டைத் திகதி மாற்றக்கூடிய வகையில் எடுப்பதற்குக் கொடுக்கும் மேலதிகக் காசு வீண் செலவல்ல.

மாரியில் கட்டுநாயக்கா

திருமலையிலிருந்து கட்டுநாயக்கா ஏறத்தாழ 250 கிலோமீற்றர். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழி. வெயில் நாளில் வான் வண்டியில் 6 மணித்தியாலம். குருநாகலிலிருந்து கொழும்புக்குப் போகாமல் நேரே விமான நிலையத்துக்கு இறங்கலாம். மத்திய அதிவேகப் பாதையின் மீரிகம–குருநாகல் பகுதி 2022இல் திறந்தபின் அந்தத் துண்டு சுலபம். ஆனால் நாம் பேசுவது வாடை வீசுகிற மாதத்தை. 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரெவிப் புயல் திருமலைக்கு வடக்கே குச்சவெளிப் பக்கம்தான் கரை ஏறியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா நாடு முழுவதையும் புரட்டிப் போட்டது. புயல் இல்லாத வருடத்திலும் குளங்கள் வான்பாய்ந்தால் தெருவில் தண்ணீர் குறுக்கே ஓடும். மூதூர், வெருகல் பக்கத்தவர்களுக்கு நகரத்துக்கு வருவதே தனிப் பயணம்.

இரவு ரயிலை நம்பி விமானத்தைப் பிடிக்கப் போகாதீர்கள். கல் ஓயாச் சந்திக்கும் திருமலைக்கும் இடையில் தண்டவாளம் வெள்ளத்தில் மூழ்கினாலோ யானை மோதினாலோ ரயில் மணிக்கணக்கில் நிற்கும், அல்லது அன்றைக்கு ஓடவே ஓடாது. வான் வண்டியில் போனாலும் ஹபரணை–கந்தளாய்த் தெருவை இருட்டில் கடக்காமல் பார்ப்பது நல்லது. அங்கே யானை தெருவில் நிற்பது வேடிக்கை அல்ல. வளைகுடா விமானங்களில் பல விடியற்காலையில்தான் புறப்படும். விடிய 4 மணி விமானமென்றால் முதல் நாள் மத்தியானத்துக்கு முன்பே வீட்டிலிருந்து கிளம்பினால், ஹபரணையை வெளிச்சத்தில் தாண்டலாம், வழியில் மாற்றுத் தெரு தேட நேரம் இருக்கும், பிந்தினாலும் பதற்றம் இல்லை. நீர்கொழும்பில் ஓர் அறை எடுத்து அரை நாள் படுத்தெழும்பலாம். ‘பத்து மணிக்குச் சாப்பிட்டுவிட்டு வெளிக்கிட்டாலும் காணும்’ என்று சொல்கிற மாமா ஒவ்வொரு வீட்டிலும் இருப்பார். அவர் சொல்வது ஓகஸ்ட் மாதத்துக்குச் சரி.

வேலை அனுமதியில் சம்பளத்துக்குப் போகிறவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவு 2 வருடத்துக்குத்தான். ஊருக்கு வந்து நிற்கும்போது அது முடிந்திருந்தால் திரும்ப ஏறுகிற இடத்தில் மறிப்பார்கள். துறவற சபையினர் சபைத் தலைவியின் கடிதத்தைக் கையில் வைத்திருந்தால் விளக்கம் சொல்வது எளிது. கடவுச்சீட்டில் ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும் என்பதை எல்லோரும் சொல்வார்கள், வெற்றுப் பக்கம் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும் என்பதைச் சொல்லமாட்டார்கள். திருமலையிலிருந்து கிட்டிய கடவுச்சீட்டு அலுவலகம் வவுனியா. மூன்று வார லீவுக்குள், அதுவும் நத்தார் விடுமுறையோடு, புதுப் புத்தகம் எடுத்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

பெட்டிக்குள் என்ன

ஆபிரிக்கா டிக்கெட்டுகளில் பெரும்பாலும் மொத்த எடை அல்ல, பொதியின் எண்ணிக்கைதான் கணக்கு: 23 கிலோ வீதம் இரண்டு. ஒரு பெட்டியில் 28, மற்றதில் 18 என்று போனால் கூட்டுத்தொகை சரியாக இருந்தும் காசு கேட்பார்கள். வீட்டிலேயே தொங்கு தராசில் போட்டு இரண்டையும் 22க்கு நிறுத்துங்கள்.

தூள்தான் முதலில். தினமும் சமைக்கிற ஒருவருக்கு ஒரு வருடத்துக்கு 3 கிலோ கறித்தூள் போதும். திருமலையில் டிசம்பர் வெயிலை நம்பி மிளகாய் காயவைக்க முடியாது, அதனால் வறுத்துத்தான் ஆக வேண்டும். செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை ஒவ்வொன்றையும் தனித்தனியே வறுத்து ஆலையில் அரைத்து எடுப்பது யாருக்கும் தெரிந்ததுதான். பிழை விடுவது அதற்குப் பிறகு. ஆலையிலிருந்து வருகிற தூள் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அப்படியே கட்டினால் உள்ளே ஆவி வேர்த்து, தூள் கட்டிபட்டு, பெப்ரவரியில் திறக்கும்போது பூஞ்சணம் மணக்கும். அகலமான தாளில் பரப்பி, மழை ஈரம் படாத அறையில் ஓர் இரவு முழுவதும் ஆறவிட வேண்டும். விடிந்ததும் கையை உள்ளே விட்டுப் பாருங்கள், நடுவிலும் குளிர்ந்திருந்தால்தான் கட்டலாம். அரை அரைக் கிலோவாகத் தடித்த தாள் உறையில் இட்டு, வாயை ஒட்டி, பிஸ்கட் டின்னுக்குள் நெருக்கி அடுக்கி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். வெளியே ‘கறித்தூள், வீட்டுப் பாவனைக்கு’ என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டால் சுங்கத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு கேள்வி கேட்கிறவருக்குப் பதில் அதிலேயே இருக்கும்.

டின்னும் தாளும் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நம்மூரில் எதை வாங்கினாலும் ஒரு பிளாஸ்டிக் சொப்பிங் பையில் போட்டுத் தருவார்கள், அந்தப் பையோடேயே பெட்டிக்குள் வைத்துவிடுவோம். கென்யாவில் 2017 ஓகஸ்ட் முதல் அந்தப் பை தடை. தண்டம் இலட்சக்கணக்கான ஷில்லிங்கில் போகும், சிறையும் சட்டத்தில் உண்டு. ருவாண்டாவில் அதற்கும் முந்தியே தடை. தன்சானியாவில் 2019 ஜூன் முதல். பயணிகளைச் சிறையில் போடமாட்டார்கள்தான், ஆனால் ருவாண்டாத் தலைநகர் கிகாலியில் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பையாக உருவி எடுக்கும்போது கருவாடு வெளியே விழுந்தால் அது ஒரு காட்சி. துணிப் பை, தாள், டின் போதும்.

கருவாடு என்றதும்: டிசம்பரில் சந்தையில் கிடைக்கிற புதுக் கருவாட்டை வாங்காதீர்கள். மாரிக் கடலில் பிடிபாடும் குறைவு, வெயிலும் இல்லை, அரைகுறையாகக் காய்ந்தது. உப்பு ஈரத்தை இழுத்து ஒரு வாரத்தில் பிசுபிசுக்கும். ஓகஸ்ட், செப்டெம்பரில் காய்ந்ததை வீட்டில் யாராவது வாங்கி வைத்திருந்தால் அதுதான் பயணத்துக்கு உகந்தது. போகும் நாட்டின் விதி என்னவென்று பார்த்து, கேட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள். கொப்பரையை விமானத்தில் ஏற்றவே கூடாது. எண்ணெய்ப் பசையுள்ள அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று ஆபத்தான சரக்குப் பட்டியலில் இருக்கிறது. பச்சைக் கறிவேப்பிலைக் கன்று, விதை வகைகளுக்குத் தாவரச் சுகாதாரச் சான்று கேட்பார்கள். பலகாரத்தில் பயற்றம் பணியாரமும் ரிச் கேக்கும் தாக்குப்பிடிக்கும். முறுக்கும் அச்சுப்பலகாரமும் என்டெபே போய்ச் சேரும்போது தூள்தான். பவர் பாங்கைக் கைப்பொதியில் மட்டும் வையுங்கள், 27,000 மில்லி அம்பியர்-மணிக்கு (mAh) மேற்பட்டது வேண்டாம்.

நீங்கள் திரும்பிப் போவதைக் கோவிலில் அறிவித்ததும் ஆளுக்கொரு பை மருந்தோடு வருவார்கள். அப்பா இறந்தபின் மிச்சமான பிரஷர் குளிசை, பாதி முடிந்த அன்டிபயோட்டிக், பேர் தெரியாத பாணி. மனம் நோகாமல் மறுத்துவிட வேண்டும். நன்கொடை மருந்து போய்ச் சேரும்போது இன்னும் ஒரு வருடமாவது காலாவதிக்கு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல், நோயாளியிடமிருந்து திரும்பிய மருந்து கூடவே கூடாது. அங்கே இறக்குவதற்கு அந்நாட்டு மருந்து அதிகாரசபையின் முன் அனுமதி வேண்டும், உகண்டாவில் தேசிய மருந்து அதிகாரசபை. கெற்றமின், பெதிடின், மோர்ஃபின், டிரமடோல் எதையும் ‘ஆஸ்பத்திரிக்குத்தானே’ என்று பெட்டியில் போட்டால் அது போதைப்பொருள் வழக்கு. உங்களுடைய சொந்த மருந்தை அசல் பெட்டியில், துண்டோடு, கைப்பொதியில் வையுங்கள். கொடுக்கத்தான் வேண்டும் என்கிறவர்களிடம் பச்சைக்குழந்தைக்குப் பின்னிய கம்பளித் தொப்பி கேளுங்கள். நூறு தொப்பி ஒரு மூலையில் அடங்கும், குறைமாதக் குழந்தை வாட்டில் ஒன்றும் வீணாகாது. முகம் தெரியாதவர் ஒட்டித் தருகிற பார்சல் எதுவாக இருந்தாலும், பாதரே கொண்டுவந்து தந்தாலும், திறந்து பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

டொலர் மாற்றுகிறவர்கள் தாளின் ஆண்டைப் பாருங்கள். கிழக்கு ஆபிரிக்காவில் பழைய ஆண்டுத் தாள்களை வாங்கமாட்டார்கள் அல்லது விலை குறைப்பார்கள். மடிப்புக் கிழிசல் இல்லாத, 2013க்குப் பிந்திய 50, 100 தாள்தான் சிக்கலில்லாதது.

இறங்கிய அன்றே உள்நாட்டுக்கு ஓடவேண்டாம். இரவில் நெடுந்தெருப் பயணம் அங்கே மலேரியாவைவிடப் பயப்பட வேண்டியது. முதல் இரவு கம்பாலாவிலோ என்டெபேயிலோ தங்கி விடிய வெளிக்கிடுங்கள். கம்பாலாவிலிருந்து குலுவுக்கு 330 கிலோமீற்றர். கம்பாலாவுக்கு அருகிலுள்ள கஜ்ஜன்சி ஓடுபாதையிலிருந்து மிஷன் சிறுவிமானத்தில் போகிறவர்களானால் 46 கிலோ பெட்டி முழுவதும் ஏறாது. அங்கே பெட்டியோடு ஆளையும் சேர்த்துத் தராசில் நிறுத்தி எழுதுவார்கள். ஏற்றக்கூடியது எத்தனை கிலோ என்று முன்கூட்டியே கேட்டு, முதலில் போகவேண்டியதைத் தனிப் பையில் பிரித்து வைத்தால், மிச்சம் பிறகு லொறியில் வரும்.

கடைசியாக உரிமம். பல நாடுகளில் மருத்துவர், தாதியருடைய வருடாந்தத் தொழில் உரிமம் டிசம்பர் 31ஆம் திகதியோடு முடிகிறது. நீங்கள் வாட்ச்நைட் ஆராதனையில் நிற்கும்போது அது காலாவதியாகிவிடும். ஜனவரி 12 காலை தியேட்டருக்குள் போனால் உரிமம் இல்லாமல் சத்திரசிகிச்சை செய்தவராவீர்கள், ஏதாவது பிழைத்தால் காப்புறுதியும் கைவிடும். புதுப்பிக்கும் விண்ணப்பத்தையும் கட்டணத்தையும் நவம்பரிலேயே ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் கொடுத்துவிட்டு வாருங்கள். இலங்கை மருத்துவ சபையிடமிருந்தோ தாதியர் சபையிடமிருந்தோ நன்னடத்தைக் கடிதம் கேட்டிருந்தால், அதற்கு ஊரில் இறங்கிய முதல் வாரத்திலேயே விண்ணப்பியுங்கள். ஜனவரி முதல் வாரத்தில் தொடங்கினால் துருத்து பௌர்ணமியும் தைப்பொங்கலும் குறுக்கே வந்து நிற்கும்.